ஹோபோக்கனில் தரைத்தள வீடு எடுக்கலாமா?

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேலை, கார் இல்லை, ஹட்சன் ஆற்றின் எதிர்க்கரையில் நியூஜெர்சியிலுள்ள ஹோபோக்கனின் மேற்குப் பக்கம் குறைந்த வாடகைக்குத் தரைத்தள வீடு கிடைக்கிறது என்கிறீர்கள். ஊர் உங்களுக்குப் பொருந்தும். சுமார் 1.25 சதுர மைல்தான், எங்கும் நடந்தே போகலாம். ஆற்றுக்கு அடியில் ஓடும் பாத் ரயில் கால் மணி நேரத்தில் மன்ஹாட்டனில் விட்டுவிடும்.

ஆனால் அந்த வீடு வேண்டாங்க. மேற்குப் பகுதி முன்பு சதுப்பு நிலம், இன்றும் தாழ்வுதான். 2012இல் சாண்டி புயலின்போது ஹட்சன் நீர் புகுந்து நாள்கணக்கில் தேங்கி நின்றது. பலத்த மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால், கழிவுநீர் ஆற்றில் இறங்க வழியின்றித் தெருவுக்கே திரும்பும். 2023இல் திறந்த பூங்காவுக்கு அடியில் பெரிய மழைநீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள், நல்ல வேலை. அதை நம்பித் தரைத்தளத்தில் குடியேறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே தெருவில் மாடி வீடு பாருங்கள். அப்புறம், வாடகைதாரர் காப்பீட்டில் வெள்ளச் சேதம் பொதுவாகச் சேராது, தனியாக எடுக்க வேண்டும்.