எந்தச் சரக்கை எடுப்பது?

வணக்கம் சார்,

பாளையங்கோட்டையில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பனியன், அரைக்கால் சட்டை கொஞ்சம் போட்டிருக்கிறேன். சுற்றிலும் பள்ளிக்கூடம், அதனால் பாதி வியாபாரம் பிள்ளைகளை நம்பித்தான். இந்த மாதம் மட்டும் மூன்று புகார். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை நேரில் வந்து, ரெண்டு கலர், மூணு கலர் கைக்கயிறும் ரப்பர் பேண்டும் விற்காதீர்கள், பையன்கள் அதைப் பார்த்துத்தான் சாதிவாரியாகப் பிரிந்து உட்காருகிறார்கள் என்றார். வேல் படம் அடித்த அரைக்கால் சட்டையைப் பார்த்துவிட்டு, செந்தூருக்கு மாலை போடும் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் “இது நல்லா இல்லையே அண்ணாச்சி” என்றார்கள். மூன்றாவது, பெரியார் படம் போட்ட கறுப்புப் பனியன். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட, போனில் நாற்பது ஐம்பது பேர் ஏசிவிட்டார்கள். ஒருத்தர்கூட கடைக்கு வந்தவர் இல்லை. நமக்கு எதுக்கு வம்பு, மூன்றையும் எடுத்துவிடுவோம் என்கிறான் மகன். ஒன்றை எடுத்தால் நாளைக்கு இன்னொன்றுக்கு வருவான், எதையும் எடுக்காதே என்கிறான் தம்பி. கையில் இருப்பது பேண்டு 25 டஜன், பெரியார் பனியன் 48, வேல் சட்டை 30. மனசு புண்படுகிறது என்று வந்து சொன்னால் கடைக்காரன் சரக்கை எடுக்கத்தான் வேண்டுமா?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் மகனும் தம்பியும் எதிரெதிராகப் பேசுவதுபோல் இருந்தாலும் இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே தராசு. எவ்வளவு சத்தம் வருகிறது என்றுதான் இருவரும் பார்க்கிறார்கள். உங்களுக்கு வந்த மூன்று புகாரில் சத்தமே இல்லாமல் வந்தது தலைமையாசிரியை சொன்னது. உடனே எடுத்தாக வேண்டிய சரக்கும் அது ஒன்றுதான்.

அந்தக் கயிற்றைப் பார்த்து யார் மனசும் புண்படப் போவதில்லை. ரெண்டு கலர் நூல், கண்ணுக்கு அழகாகவே இருக்கும். வாங்காத பையனுக்கு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். வகுப்பில் பாதிப்பேர் கட்டி வந்த பிறகு, கட்டாதவன் யார் என்பது தானே தெரிந்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் யார், பஸ்ஸில் எந்த சீட், விளையாட்டில் எந்த அணி எல்லாம் மணிக்கட்டைப் பார்த்து முடிவாகிறது. எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்று இங்கே எழுத மாட்டேன். தெரியாத பிள்ளைக்கு நானே சொல்லிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

இது புதிய பேச்சும் இல்லை. 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநர் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும், தன் கவனத்துக்கு வராமல் போன சுற்றறிக்கை என்றார் அமைச்சர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி, சாதி அடையாளம் தீட்டிய சைக்கிள் எதுவும் பள்ளிக்குள் வரக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆனால் பரிந்துரை பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு எதிரே பத்து ரூபாய்க்குக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தால் ஆசிரியர் காலையில் வெட்டி எறிவார், பையன் சாயங்காலம் புதிது வாங்குவான்.

எடுப்பது என்றால் எப்படி எடுப்பது என்பதுதான் பெரிய வேலை. எல்லா நிறத்தையும் ஒரே நாளில் எடுங்கள். எது அதிகம் விற்கிறதோ அதை மட்டும் முதலில் எடுத்தால், மறுநாளே நாலு பையன்கள் வந்து “எங்க கலர மட்டும் ஏன் எடுத்தீரு?” என்று நிற்பார்கள். கடைக்காரர் எந்த ஆள் என்று ஊருக்குத் தெரியும். நீங்கள் எதைச் செய்தாலும் அதை வைத்துத்தான் படிப்பார்கள். மொத்தமாகக் காலி செய்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கறுப்புக் கயிறு, காசிக் கயிறு, கோயில் காப்புக்கு வாங்கும் மஞ்சள் நூல் இவை இருக்கட்டும். கட்டாக, கண்டாக விற்பது சாமிக்குப் போகிறது. நிறம் சேர்த்து முடைந்து ஒன்று ஒன்றாக விற்பதும், அதே நிறத்து ரப்பர் பேண்டும், பைக் ஸ்டிக்கரும்தான் பிரச்சினை. ‘நீங்க கலர் சொல்லுங்க, முடைஞ்சு தாரோம்’ என்று கடையில் யாராவது ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். சரக்கு போன பிறகும் ஆர்டர் வழியாக அது திரும்ப நுழையும்.

எடுத்ததை என்ன செய்வது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நஷ்டம் வேண்டாம் என்று பாதி விலைக்குத் திருவிழாக் கடைக்காரரிடம் தள்ளிவிடுவார்கள். ஆடித்தபசுக்கோ ஆனித் தேரோட்டத்துக்கோ அதே கயிறு தரைவிரிப்பில் கிடக்கும், ஐந்து ரூபாய்க்கு, முன்னைவிட அதிகமான கைகளுக்கு. 25 டஜன் என்றால் 300. அடக்கம் ஒன்றுக்கு நாலு ரூபாய் என்று வைத்தாலும் 1200 ரூபாய். கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி ரெகுலரில் இருந்தால், அழித்த சரக்குக்கு எடுத்த இன்புட் வரியை, அதாவது வாங்கும்போது கட்டிப் பின்னால் கழித்துக்கொண்ட வரியை, திருப்ப வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு அதைத்தான் சொல்கிறது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷனில் இருந்தால் இன்புட்டே கிடையாது, அந்த வேலை மிச்சம். பில்லிங் சாஃப்ட்வேரில் அந்த ஐட்டத்தை முடக்குவதை மறக்க வேண்டாம். ராக்கில் இருந்து எடுத்தாயிற்று, குடோனில் ஒரு அட்டைப்பெட்டி பாக்கி, விஷயம் தெரியாத புதுப் பையன் பார்கோடை அடித்து விற்றுவிடுவான். அந்த பில் போட்டோ வந்தால், ‘நிறுத்திவிட்டேன்’ என்று தலைமையாசிரியையிடம் சொன்ன சொல் போச்சு.

நீங்கள் மட்டும் நிறுத்தினால் பக்கத்துக் கடைக்கு வியாபாரம் கூடும், அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறப்பதற்கான ஆர்டர் ஏப்ரல், மே மாதங்களில் மொத்தக் கடைக்குப் போய்விடும். வியாபாரிகள் சங்கத்தில் பேச வேண்டியது அதற்கு முன்பே, மார்ச்சில். ‘பள்ளி மாணவர்களுக்குக் கலர் பேண்டு விற்பனை இல்லை’ என்று ஒரே வாசகத்தை எல்லாக் கடையிலும் ஒட்டச் சொல்லுங்கள். சாதி என்ற வார்த்தை அந்த நோட்டீஸில் வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொடை விழாவுக்குப் பனியன் அடிக்கும் ஆர்டர் உங்களிடம் வருமானால் கவனம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு கலருக்கு ஒரு பிரேம் போட வேண்டியிருந்ததால் முப்பது, ஐம்பது பனியனாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். அந்த அளவுக்கு ஆர்டர் கொடுக்கக் கொடைக் கமிட்டியின் பெரியவர்கள் வர வேண்டியிருந்தது. பிலிமில் அச்சடித்துச் சூடுவைத்துத் துணியில் ஒட்டும் டிடிஎஃப் முறை வந்தபின் ஐந்து பனியனுக்கும் பிலிம் எடுக்கலாம். இப்போது வருவது நாலு விடலைப் பையன்கள், கமிட்டிக்கே தெரியாது. முன்பக்கம் அம்மன் படம் இருக்கும், முதுகில் ‘ஆண்ட பரம்பரை’ என்று சாதிப் பெருமை இருக்கும். அட்வான்ஸ் வாங்கும் முன்பே இரண்டு பக்க டிசைனையும் கேட்டு வாங்கி, எழுத்தை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பிலிம் ஓடியபின் வேண்டாம் என்றால் பனியன், பிலிம், கூலி எல்லாம் உங்கள் தலையில். ‘நெல்லைச் சீமை’ என்று அருவாளைப் போட்டு அடிக்கிறார்களே, என் கடையாக இருந்தால் அதை வைக்க மாட்டேன். வைத்திருப்பவரை எடு என்று சொல்லவும் மாட்டேன். அது ரசனை சம்பந்தப்பட்டது, நம் ரசனை கொஞ்சம் மட்டம்தான்.

வேல் சட்டைக்கு வருவோம். சொன்னவர்கள் உங்கள் வாடிக்கைக்காரர்கள், மரியாதையாகச் சொன்னார்கள், நெஞ்சில் இருந்தால் சரி, இடுப்புக்குக் கீழே வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. இதில் யாருக்கும் அடிபடப் போவதில்லை. எடுத்தால் நல்லது, எடுக்காவிட்டால் பாவமில்லை என்ற வகை. எடுப்பதற்குச் செலவும் குறைவு. அடக்கம் 140 என்று வைத்தால் 30 சட்டைக்கு 4200, ஐந்து சதவீத வரி 210. சட்டையை அனுப்பிய திருப்பூர்க்காரரிடம் பர்ச்சேஸ் ரிட்டர்ன் பேசுங்கள். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை அவர் வரியோடு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட வழி உண்டு. பிரிண்ட் அடித்த சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றால், அடுத்த லாட்டில் படத்தை மாற்றித் தரச் சொல்லிவிட்டு இருப்பதை விற்று முடியுங்கள். இந்த மாதிரிப் புகாரில் கடைக்காரரைவிடச் சரக்கு செய்கிறவரிடம் சொல்வதுதான் பலன் தரும். மகாராஷ்டிரத்தில் ‘சம்பாஜி பீடி’ விவகாரத்தை முக்கூடல், கடையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் எளிதாகப் புரிந்துகொள்ளும். மராட்டிய மன்னர் சிவாஜியின் மகன் சம்பாஜியின் பெயர் பீடிக்கட்டில் அச்சாகித் தரையில் மிதிபடுகிறது என்று புகார். பெட்டிக்கடைக்காரர் அதற்கு என்ன செய்ய முடியும்? 2021-இல் புணே கம்பெனியே பெயரை மாற்றியதும்தான் அடங்கியது.

பெரியார் பனியனை எடுக்காதீர்கள். ஒரு தலைவரின் படம், அதில் எவரையும் ஏசவில்லை, வாங்காதவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. “மத உணர்வைப் புண்படுத்திய கேஸ் போடுவோம்” என்று போனில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு மதத்தை அவமதித்தால்தான் அது பொருந்தும் என்று 1957-இலேயே ராம்ஜிலால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்து போன் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தப் பனியன், அதில் எந்த எழுத்து அல்லது படம், என்ன செய்ய வேண்டும், இதை எழுதிப் பெயர், ஊரோடு கொடுங்கள். பெரும்பாலும் அதோடு போன் வைக்கப்படும். மிரட்டினால் அது அதே சன்ஹிதாவின் 351-வது பிரிவு. ரெக்கார்டிங்கை அழிக்காமல் ஸ்டேஷனில் கொடுங்கள். கேமரா டிவிஆரில் பழைய பதிவின்மேல் புதிது ஏறிக்கொண்டே இருக்கும், பல கடைகளில் பதினைந்து நாள்கூட நிற்காது. கடைமுன் யாராவது வந்து நின்றிருந்தால் அந்தப் பதிவை இன்றைக்கே பென்டிரைவில் இறக்குங்கள். பொம்மைக்குப் போட்டிருப்பதைச் சில நாள் உள் அலமாரிக்கு மாற்றினால் அது தோற்பதாகாது. கவுண்டரில் நிற்பது சம்பளத்துக்கு வரும் பெண்பிள்ளைகள், அவர்களுக்கு இந்தச் சண்டை வேண்டாம்.

தம்பி சொல்லும் பயம் நியாயமானதுதான். ஒன்றை எடுத்தால் இன்னொன்று என்று வருவது, ஏன் எடுத்தோம் என்று நமக்கே தெரியாதபோது. 2013-இல் பிரிட்டனில் அஸ்டா என்ற பெருங்கடை, ரத்தக்கறையும் கத்தியுமாக ஒரு வேட உடுப்பை ‘மனநோயாளி’ என்று பெயரிட்டு விற்றது. புகார் வந்ததும் எடுத்தது, மன்னிப்புக் கேட்டது, மனநலத் தொண்டு அமைப்பு ஒன்றுக்கு 25,000 பவுண்டு கொடுத்தது. உடுப்பை வாங்கியவர் ஒரு ராத்திரி போட்டுக் கழற்றிவிடுவார். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவரைப் பக்கத்து மேஜைக்காரர் கத்தியோடு சேர்த்துப் பார்ப்பார். எடுத்தது அதற்காக. பேய் முகமூடி விற்பதை அவர்கள் விடவில்லை, விடச் சொல்லி எவரும் கேட்கவும் இல்லை.

சத்தமே வராத ஒன்று உங்கள் கடையிலும் இருக்கும். ஆகஸ்டில் மூவர்ணக் கொடியை அப்படியே சக்கரத்தோடு அச்சடித்த கைக்குட்டை, தலையணை உறை வந்து இறங்கும். 2017-இல் அமேசானின் கனடா தளத்தில் கொடிபோட்ட கால்மிதி இருந்ததற்கு வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜே கண்டித்தார், நாடே கொதித்தது, கம்பெனி எடுத்தது. நம் ஊரில் கைக்குட்டையில் அடித்தால் யாரும் வாய் திறப்பதில்லை. தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971, குஷன், கைக்குட்டை, நாப்கின் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. மொத்தக் கடைக்காரர் “எல்லாரும் எடுக்காங்க அண்ணாச்சி” என்பார். சட்டையில் குத்தும் சிறு கொடி மட்டும் போதும் என்று சொல்லி, கைக்குட்டைக் கட்டை பில் போடும் முன்பே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.