அம்மாவின் மெசின் விறாந்தையில் இருக்க, தவணை எதற்கு?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் விசுவமடுவில் இருக்கிறேன். அரச அலுவலகம் ஒன்றில் வேலை. இவர் வயல் செய்கிறார். ஒரு மகன். எனக்குத் தையல் மேல் கனகால ஆசை. என் உடுப்பை நானே தைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தைத்து விற்கும் எண்ணம் இல்லை. கிளிநொச்சியில் ஒரு கடையில் மோட்டரோடு வரும் புது மெசின் பார்த்தேன். கைக்காசுக்கு 72,000 ரூபா. முற்பணம் 12,000 கட்டிவிட்டு, மாதம் 3,400 படி 24 மாதம் கட்டவும் விடுகிறார்கள். உடுப்புச் செலவில் மிச்சம் வருகிற காசிலேயே தவணையைக் கட்டலாம் என்பது என் கணக்கு. இவரோ, "நாலு பேருக்குத் தைச்சுக் குடுத்து உழைக்கிறதெண்டால் வாங்கு, இல்லாட்டி வீண் செலவு" என்கிறார். மூன்று மாதத்தில் எனக்குச் சீட்டுக்காசு 60,000 வரும். காலபோக விதைப்புக்காக என் சங்கிலி 42,000க்கு அடகில் இருக்கிறது. அம்மாவுக்கு 2011 இல் உதவித்திட்டத்தில் கிடைத்த கால் மெசின் ஒன்று விறாந்தையில் சாக்குப் போட்டு மூடியபடி கிடக்கிறது, ஓடுமோ தெரியாது. போன வருடம் என் உடுப்புக்குச் செலவானதைக் கீழே எழுதியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, செலவுக் கணக்கை ஒன்று விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் கிடக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அலுவலகத்துக்கு இரண்டு சீலை, 16,000. நாலு சீலைச் சட்டைக்குத் தையல்கூலி, தலைக்கு 1,200 படி 4,800. கடையில் வாங்கிய சுடிதார் இரண்டு, 9,000. நைட்டி மூன்று, 4,800. உட்பாவாடை இரண்டு, 1,800. எல்லாம் சேர்த்து 36,400 ரூபா.

சீலையை வீட்டில் தைக்க முடியாது. எந்த மெசின் வந்தாலும் அந்த 16,000 அப்படியே போகும். மிச்சம் 20,400. அதுவும் முழுதாக மிஞ்சாது, துணி வாங்க வேண்டுமே. சுடிதார் ஒன்றுக்குத் துணி, சால்வை, நூல் எல்லாம் சேர்த்து 2,700 என்று வையுங்கள், இரண்டுக்கு 5,400. நைட்டி மூன்றுக்கும் 3,300. உட்பாவாடைக்கு 1,200. சீலைச் சட்டைக்கு லைனிங், கொக்கி, நூல் என்று தலைக்கு 300 படி 1,200. கூட்டினால் 11,100 வருகிறது. ஆக, வெட்டியது எல்லாம் பிழையில்லாமல் வந்து, ஆசைக்கென்று ஒரு மீற்றர்கூடக் கூடுதலாக வாங்காமல் இருந்தால், வருடத்துக்கு மிஞ்சுவது 9,300 ரூபா.

தவணையோ வருடத்துக்கு 40,800. போன வருடம் சீலை உட்பட எல்லா உடுப்புக்கும் நீங்கள் செலவழித்ததே அவ்வளவு வரவில்லை. மிச்சக் காசில் தவணை கட்டலாம் என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

தவணைக்குள் இருக்கும் வட்டியையும் ஒருமுறை பாருங்கள். முற்பணத்தோடு மொத்தம் 93,600 கட்டுகிறீர்கள். கடன் 60,000, அதற்கு மேல் போவது 21,600. இரண்டு வருடத்துக்கு 36 சதவீதம், எனவே வருடத்துக்கு 18 சதவீதம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் சேர்த்தே கட்டி வருகிறீர்கள். பன்னிரண்டாவது மாதத்தில் உங்கள் கையில் இருக்கும் கடன் 60,000 இல்லை, வட்டி மட்டும் 60,000க்குத்தான் எண்ணப்படுகிறது. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 31 சதவீதத்தைத் தாண்டும். அதைக் களவு என்று நான் சொல்லமாட்டேன், கடையில் எழுதிக் காட்டித்தான் தருகிறார்கள். தவணைமுறை உலகமெங்கும் பரவியதே தையல் மெசினோடுதான். அமெரிக்காவில் சிங்கர் 1850களிலேயே மெசினைத் தவணைக்கு விற்றது, 1877 இல் இலங்கைக்கும் வந்தது. எங்கள் அம்மம்மாமாருக்கு மெசின் கிடைக்க அது வழிவிட்டது. ஆனால் அந்த மெசின்கள் வீட்டுக்கு வருமானம் கொண்டுவந்தன. நீங்கள் கேட்பது ஆசைக்கு. ஆசைக்கு 31 சதவீத வட்டி கட்ட வேண்டாம்.

இவர் சொன்னதற்கு வருகிறேன். காசு வீணாகக் கூடாது என்று அவர் நினைப்பது சரி. விதைப்புக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்த மனிதருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் உழைத்தால்தான் மெசின் என்பதை நான் ஏற்கமாட்டேன். மீள்குடியேறிய பிறகு வன்னியில் பெண்கள் கைக்குத் தையல் மெசின் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வாழ்வாதார உதவி என்று, ஒரு படிவத்தோடு, ஒரு கையொப்பத்தோடு, "இதை வைத்து உழை" என்ற சொல்லோடுதான் வந்தது. தறப்பாளுக்குள் இருந்து உங்கள் அம்மாவும் அப்படித்தான் வாங்கியிருப்பார். ஒரு ஊரில் இருபது பேருக்கு மெசின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது? அதனால்தான் எத்தனையோ மெசின் சாக்குக்குக் கீழே போனது. அந்த அம்மாவின் மகள் இன்று எழுந்து, எனக்குப் பிடித்ததை எனக்காகத் தைத்துப் போடப் போகிறேன் என்கிறாள். இதைக் கேட்க எனக்கு நிறைந்த சந்தோசம், தங்கச்சி. வீட்டுக் கணக்கில் இதற்கு ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு இருப்பதுபோல.

தொழிலாக்கச் சொல்லி நாலு பேர் நெருக்கும்போது இன்னொரு ஆபத்தும் கூடவே வரும்: தொழில் என்றால் கடன், கடன் என்றால் வீட்டு வாசலுக்கு வரும் நுண்கடன். கிழமைக்கிழமை வந்து நின்ற அந்தக் கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. ஒரு நூல்கட்டைகூட அந்தக் காசில் வாங்க வேண்டாம்.

இப்போது சீட்டு. 60,000 வந்த அன்றே முதலில் சங்கிலியை மீளுங்கள். அந்த நேரம் வட்டியோடு 48,000 அளவில் நிற்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சரியான தொகையை அடகுச் சீட்டைக் காட்டி வங்கியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நகை வீட்டுக்கு வந்த பிறகு மிஞ்சும் 12,000தான் உங்கள் தையலுக்கான முதல். புது மெசினுக்கு அது போதாது. அம்மாவின் மெசினுக்குப் போதும்.

கால் மெசினைக் குறைவாக நினைக்காதீர்கள். நேர்த்தையலுக்கு அதைப்போல ஒன்று இல்லை. மின்சாரம் நின்றாலும் ஓடும். கால் பழகும்வரை பின்பக்கமாகச் சுற்றி நூலை அறுக்கும், ஒரு கிழமையில் அது சரிவந்துவிடும். பத்து வருடம் கிடந்த மெசினில் வழக்கமாக மூன்று இடம்தான் கெட்டிருக்கும். தோல் பெல்ட் காய்ந்து வெடித்திருக்கும். உள்ளே பழைய எண்ணெய் பிசின்போல இறுகியிருக்கும். பொபின் கூட்டுக்குள் நூல் பஞ்சும் தூசியும் அடைந்து துரு பிடித்திருக்கும். திருத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பெல்ட், பொபின், ஊசி எல்லாம் மாற்றி, கழுவி எண்ணெய் விட 6,000 ஒதுக்குங்கள். நல்ல கத்தரிக்கோல், அளவுநாடா, சோக், குண்டூசி என்று 3,500. கத்தரிக்கோலில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், அதால் கடதாசி வெட்ட வீட்டில் ஒருவரையும் விடாதீர்கள். மொத்தம் 9,500. முதல் வருடம் பாதி உடுப்புத்தான் ஒழுங்காக வரும் என்று வைத்தாலும் இரண்டு வருடத்துக்குள் அந்தக் காசு திரும்பிவிடும். அதே மெசினுக்குப் பிறகு ஒரு சின்ன மோட்டரும் பூட்டலாம். 100 வாட் மோட்டர் பத்து மணித்தியாலம் ஓடினால்தான் ஒரு யூனிற்.

தையல்காரர் எல்லாருக்கும் காசு கரைகிற இடம் மெசின் இல்லை, துணி. எனக்கு அது நல்லாகத் தெரியும். 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, நாளைக்கு இன்னும் ஏறும் என்ற பயத்தில் கண்ட கண்ட துணியெல்லாம் வாங்கி அலுமாரியில் அடுக்கினேன். அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் நிறம் வெளுத்திருந்தது. ஒன்றில் எலி. வெட்டாத துணி சேமிப்பு இல்லை, செலவழித்து முடிந்த காசு. அதனால் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: வாங்கிய துணி வெட்டித் தைத்து உடம்பில் ஏறும்வரை அடுத்தது வாங்குவதில்லை. புறக்கோட்டைக்குப் போகிற சொந்தக்காரர் யாராவது தொழிற்சாலை மிச்சத் துணி மலிவாகக் கிடக்குது, ஐந்து மீற்றர் எடுக்கட்டோ என்று போனில் கேட்பார்கள். அப்போதும் இதுதான் பதில்.

காசுக்கு வழி இதுதான். தைக்கக்கூடிய உடுப்புக்குப் போன வருடம் நீங்கள் செலவழித்த 20,400ஐப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 1,700. சம்பளம் வந்த அன்று அதை எடுத்து ஒரு பால்மா ரின்னில் போடுங்கள். துணி, நூல், சிப், ஊசி, திருத்தக்கூலி எல்லாம் அதற்குள். கடைச் சுடிதார் வாங்க மனம் வந்தால் அதுவும் அதற்குள்தான். ரின்னில் இல்லாவிட்டால் அந்த மாதம் பழைய உடுப்பைப் பிரித்துத் தையுங்கள். இவருக்கும் இதைக் காட்டலாம்: வீட்டுக் காசிலிருந்து போன வருடத்தை விட ஒரு ரூபா கூடப் போகவில்லை.

முதல் மாதங்களில் புதுத்துணியைத் தொடவே வேண்டாம். அம்மாவின் பழைய நூல் சீலை ஒன்றைக் கேளுங்கள். தலையணை உறை, பிறகு உட்பாவாடை, பிறகு நைட்டி. இவை நேர்த்தையல், பிழைத்தாலும் வீட்டுக்குள் போடலாம். சீலைச் சட்டை கடைசியில். அதில் கைக்குழி கால் அங்குலம் ஆழமாகிவிட்டால் கையைத் தூக்க முடியாது. உங்களுக்கு நன்றாகப் பொருந்திய பழைய சட்டை ஒன்றைப் பிரித்து, இஸ்திரி போட்டு, பேப்பரில் வைத்து வரைந்தெடுங்கள். அளவெடுத்துக் கணக்குப் போடுவதை விட அது நம்பிக்கையானது. பருத்தித் துணியை வெட்ட முதல் ஒருக்கால் தண்ணீரில் நனைத்துக் காயப்போடுங்கள், சுருங்குவது வெட்ட முதலே சுருங்கட்டும். தையல் வகுப்பு ஏதும் நடக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள், மாதர் சங்கத்திலும் விசாரியுங்கள்.

மெசின் ஓடும் சத்தம் கேட்டதும் அயலில் இருந்து கிழிந்த பாவாடையும் இறுக்கமான சட்டையும் வரத் தொடங்கும். சொந்தம், பக்கத்து வீடு என்று நூலும் நேரமும் இலவசமாகப் போகும். முதல் ஆளுக்கே கூலியைச் சொல்லிவிடுங்கள், அல்லது எனக்கு மட்டும்தான் தைக்கிறேன் என்று சொல்லுங்கள். இரண்டிலும் குற்றமில்லை. ஒரு வருடம் கழித்து உங்களுக்கே ஆசை வந்தால் தொழிலைப் பற்றி அப்போது எழுதுங்கள், தனியாகக் கணக்குப் போடுவோம்.

சீட்டுக்கு மூன்று மாதம் இருக்கிறது, அதற்கு முதல் செய்யக்கூடியது ஒன்று. இந்தச் சனிக்கிழமை சாக்கை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, கைச்சில்லை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஊசி ஏறி இறங்கினால் மெசின் உயிரோடு இருக்கிறது. இறுகி நின்றால் பலவந்தப்படுத்த வேண்டாம். எண்ணெய் விடும் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு இரவு கிடக்கவிட்டுப் பாருங்கள். அசைந்தால் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெசின் எண்ணெய் விட வேண்டும். அடுத்த நாளும் அசையாவிட்டால் திருத்துபவரிடம் காட்டி, அவர் சொல்லும் தொகையை எனக்கு எழுதுங்கள். அது 6,000ஐத் தாண்டினால் கணக்கை மாற்றிப் பார்ப்போம்.