கையெழுத்துப் போட்டாயிற்று, இனி அப்பீல் போகலாமா?

நியூஜெர்சி வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் தம்பி ஃபெடரல் மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்போடு ஒப்பந்தம் போட்டான். அதில் குற்ற நிலை (குற்றத்தின் கடுமையைக் காட்டும் எண், தண்டனை வரம்பு இதை வைத்துத்தான்) 17 என்று இருந்தது. நீதிபதி நஷ்டத் தொகையைக் கூட்டி, நிலை 19 என்று வைத்து 34 மாதம் கொடுத்துவிட்டார். தீர்ப்பு பதிவாகி 8 நாள் ஆகிறது. அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டதால் இனி வழியில்லை என்கிறார் வக்கீல். உண்மையா?"

முதலில் நாளைக் கவனியுங்கள். ஃபெடரல் கிரிமினல் வழக்கில் தீர்ப்பு பதிவானதிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் போட வேண்டும். உங்களுக்கு இன்னும் 6 நாள்தான். நோட்டீஸில் வாதம் எதுவும் தேவையில்லை, ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். கட்சிக்காரர் உங்கள் தம்பி என்பதால், அப்பீல் வேண்டுமென்றால் அவரே வக்கீலுக்கு எழுத்தில் சொல்லட்டும். சொன்ன பிறகு வக்கீல் மறுக்கக் கூடாது. 2019-ல் கார்ஸா எதிர் ஐடஹோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: உரிமையை விட்டுக்கொடுத்தவராகவே இருந்தாலும், அவர் கேட்டும் நோட்டீஸ் போடாமல் விட்டால் அது வக்கீலின் குறை. அப்பீல் ஜெயிக்குமா என்று பார்க்காமலே அந்த வாய்ப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

அப்புறம் ஒப்பந்தத்தில் அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஷரத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். உங்கள் பகுதி ஒப்பந்தங்களில் பெரும்பாலும், "நிலை 17-க்குரிய வரம்புக்குள்ளோ அதற்குக் கீழோ தண்டனை அமைந்தால் அப்பீல் செய்ய மாட்டேன்" என்ற மாதிரிதான் எழுதியிருக்கும். முன்குற்றம் இல்லாதவருக்கு நிலை 17 என்றால் 24 முதல் 30 மாதம். நிலை 19 என்றால் 30 முதல் 37. மோசடி வழக்கில் நஷ்டத் தொகை ஒரு படி ஏறினாலே 2 நிலை கூடிவிடும், தம்பிக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். உங்கள் தாளிலும் வாசகம் இப்படியே இருந்தால் 34 மாதம் அந்த வரம்புக்கு வெளியே போய்விட்டது. அவர் விட்டுக்கொடுத்தது இந்தத் தண்டனையைத் தொடாது. நஷ்டக் கணக்கு தவறு என்று மேல்கோர்ட்டில் தாராளமாக வாதிடலாம். அதில் ஜெயிப்பது வேறு விஷயம், ஆனால் கதவு மூடவில்லை.

"என்ன தண்டனை கொடுத்தாலும் அப்பீல் இல்லை" என்று எழுதியிருந்தால் நிலைமை கடினம். நியூஜெர்சி ஃபெடரல் வழக்குகளின் மேல்கோர்ட்டான மூன்றாம் சர்க்யூட் நீதிமன்றம் அப்போது, அவர் புரிந்து மனமறிந்து கையெழுத்திட்டாரா, ஷரத்தை அமல்படுத்தினால் பெரும் அநீதி ஆகுமா என்று பார்க்கும். ஒப்புதல் கொடுத்த அன்று அந்த ஷரத்தை நீதிபதி நேரில் விளக்கியிருக்க வேண்டும், ஃபெடரல் கிரிமினல் நடைமுறை விதி 11 அதைக் கட்டாயமாக்குகிறது. அன்றைய விசாரணைப் பதிவின் நகலை வாங்கிப் பாருங்கள்.

ஷரத்துக்குள் அடங்கும் விஷயத்துக்கு அப்பீல் போடுவதில் நிஜமான ஆபத்தும் உண்டு. 2014-ல் இதே நியூஜெர்சி வழக்கொன்றில், அப்படி அப்பீல் போனதை ஒப்பந்த மீறல் என்று மூன்றாம் சர்க்யூட் நீதிமன்றம் முடிவு செய்தது. தண்டனையைக் குறைக்கச் சொல்லி அரசுத் தரப்பு செய்திருந்த பரிந்துரையிலிருந்து அத்தரப்பை விடுவித்து, மறுபடி தண்டனை விதிக்கத் திருப்பி அனுப்பியது. அதனால் நோட்டீஸ் போட்ட கையோடு, ஒப்பந்தத்தையும் தீர்ப்பையும் அப்பீல் வழக்குகள் மட்டுமே பார்க்கும் வேறொரு வக்கீலிடம் காட்டுங்கள். தம்பி கிரீன் கார்டிலோ விசாவிலோ இருந்தால், நாடு கடத்தல் பற்றிக் கையெழுத்துக்கு முன்பு பழைய வக்கீல் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.