பதில்: டாப்ளர் நார்மல், அப்புறம் எதுக்கு சிடி ஆஞ்சியோ?

சிஸ்டர், 6 வயசு பையனுக்கு பிபி 150/100, கிட்னி டாப்ளர் (ரத்த ஓட்டம் பாக்குற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) நார்மல்னு வந்தும் டாக்டர் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய படம் எடுக்குற சிடி ஸ்கேன்) எழுதிட்டாரு, தேவையான்னு கேட்டிருந்தீங்க. தேவைதாங்க, தள்ளிப்போடாதீங்க. கிட்னிக்கு போற ரத்தக்குழாய் சுருங்கியிருந்தா பிபி இப்படி ஏறும், அதைத்தான் தேடுறாங்க. டாப்ளர்ல கிட்னிக்கு போற பெரிய ரத்தக்குழாய்தான் ஓரளவு தெரியும், பசங்களுக்கு சுருக்கம் பல நேரம் உள்ள பிரியுற சின்னக் கிளையில இருக்கும், அது தப்பிடும், அதுலயும் குழந்தை அழுது வயித்துல கேஸும் இருந்துச்சுன்னா பெரிய குழாயே சரியா சிக்காது. சிடில ரேடியேஷன் உண்டு, ஆனா சில நொடில படம் எடுத்துடுவாங்க. எம்ஆர்ஐ ஸ்கேன்ல ரேடியேஷன் இல்ல, ஆனா ரொம்ப நேரம் ஆடாம படுக்கணும், இந்த வயசுல பெரும்பாலும் மயக்கம் குடுக்கணும். ரெண்டுலயும் புடிபடாம சந்தேகம் பலமா இருந்தா தொடை வழியா ட்யூப் விட்டு எடுக்குற ஆஞ்சியோதான் துல்லியம், தோதா இருந்தா அப்பவே பலூன் வச்சு விரிச்சும் விடுவாங்க.

இந்தியாவுல பசங்களுக்கு டகயாசுங்கற ரத்தக்குழாய் அழற்சி முக்கியமான காரணம், அதனால மகாதமனியையும் (இதயத்துலேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழாய்) சேர்த்து பாக்குறாங்களான்னு கேளுங்க. ரெண்டு கை, கால்லயும் பிபி பாத்தாங்களா? எனலாப்ரில்ங்கற பிபி மாத்திரை ஆரம்பிச்சிருந்தா கிரியாட்டினின் (கிட்னி வேலைய காட்டுறது), பொட்டாசியம் டெஸ்ட கண்டிப்பா எடுங்க, ரெண்டு பக்கமும் சுருக்கம் இருந்தா அந்த மாத்திரையே கிட்னி வேலைய குறைச்சிடும். கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஃபிட்ஸ் எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்கு காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க.