ஹைடெல்பர்க்கில் மூன்றாண்டு முடிந்த பிறகு

அன்புள்ள தம்பி,

ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் மூன்றாண்டுப் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) பணி கிடைத்திருப்பதாகவும், அங்கேயே நிலைத்துவிட வழியுண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து அதே வாசலுக்கு வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வழியில்லை, அதற்காக வருந்தவும் வேண்டாம்.

1974-இல் தொடங்கிய அந்த ஆய்வகம், குழுத் தலைவர்கள் உட்படப் பெரும்பாலோரை ஒன்பது ஆண்டுகளுக்குமேல் வைத்துக்கொள்வதில்லை. அங்கே தேர்ந்தவர்கள் வெளியே போய்ப் பிற நாடுகளில் ஆய்வை வளர்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வகுத்திருக்கிறார்கள். கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும் 1978 முதல் 1981 வரை அங்கே ஒரே சிறிய ஆய்வறையைப் பகிர்ந்துகொண்டு, பழ ஈயின் கருவளர்ச்சியை நடத்தும் மரபணுக்களைத் தேடினார்கள். பின்னர் ஒருவர் ஜெர்மனியிலேயே ட்யூபிங்கனுக்கும் மற்றவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கும் போய்விட்ட போதிலும், 1995-இல் நோபல் பரிசு வாங்கும்போது சேர்ந்தே நின்றார்கள். தண்ணீரைப் பனிக்கட்டியாக விடாமல் நொடிக்கும் குறைவான நேரத்தில் கண்ணாடிபோல் உறையவைக்க அங்கே கற்ற ஜாக் துபோஷே, 1987-இல் சுவிட்சர்லாந்தின் லோசானுக்குப் போனார். அவருக்கு 2017-இல் நோபல் வந்தது.

இவர்களைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். என்னுடன் இருந்தவர்களில் பேராசிரியரானவர்கள் சிலரே. மற்றவர்கள் மருந்து நிறுவனம், காப்புரிமை அலுவலகம், ஆய்விதழ் ஆசிரியர் பணி, நுண்ணோக்கி மையம் என்று போனார்கள். குழுத் தலைவர் பதவிக்கு நான் அனுப்பிய பதினொரு விண்ணப்பங்களும் திரும்பின. நான் இன்று பார்க்கும் வேலை காலியாக இருப்பதை எனக்குச் சொன்னது என் மேற்பார்வையாளர் அல்லர். குளிரறையில் ஒரே அலமாரியை என்னோடு பங்கிட்ட ஒரு போர்ச்சுகீசியத் தொழில்நுட்பப் பணியாளர். நான் இன்று வேலை பார்க்கும் நிறுவனத்தில் அவர் எனக்கு முன்பே சேர்ந்திருந்தார். நான் ஹைடெல்பர்க்கிலிருந்து புறப்பட்டு இரண்டாண்டு கழித்து அவர் கேட்ட பிளாஸ்மிட்டைத் (ஆய்வில் மரபணுக்களைச் சுமக்கப் பயன்படும் சிறு டி.என்.ஏ. வளையம்) தாமதிக்காமல் அனுப்பியிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்த உதவி.

தேவை வந்தால் மட்டும் எழுதுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். தொந்தரவு தருகிறோமோ என்ற கூச்சமே அதற்குக் காரணம், எனக்கும் அது இருந்தது. ஆனால் ஐந்தாண்டு மௌனத்துக்குப் பின் பரிந்துரைக் கடிதம் கேட்பதுதான் உண்மையான தொந்தரவு. கட்டுரை வெளியானபோதோ, பழைய குழுவினர் ஒருவருக்குக் குழந்தை பிறந்தபோதோ நான்கு வரி எழுதிவிடுங்கள். நிறுவன மின்னஞ்சல் பணியோடு மூடப்பட்டுவிடும் என்பதால், சொந்த முகவரியை முதல் ஆண்டிலேயே எல்லோரிடமும் கொடுத்துவையுங்கள். 1999-இல் அமைந்த முன்னாள் பணியாளர் சங்கத்தில் சேருங்கள். அதன் கூட்டங்களில் பெரிய பெயர்களைத் தேடி ஓடாமல், உங்களைவிட மூன்று நான்கு ஆண்டு முன்னே போனவர்களிடம் பேசுங்கள், ஏனெனில் இன்றைய வேலைச்சந்தை அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆய்வகத்துக்குள் ஆங்கிலமே போதும் என்று சொல்வார்கள், அது உண்மைதான். வெளியே ஜெர்மன் நிறுவனங்கள் பல ஜெர்மன் மொழியைக் கேட்கும். நான் அதைக் கடைசி ஆறு மாதத்தில் அவசரமாகப் படித்துத் திணறினேன். நீங்கள் முதல் குளிர்காலத்திலேயே மாலை வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.