இரண்டு நாள் மதுரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரைக்குச் சனி, ஞாயிறு போய்வர நினைக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். மதுரையில் எங்கே போவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போவது என்பதுதான் முக்கியம். தங்குமிடம், சாப்பாடு, கோயில், கடை எதுவானாலும் கடிகாரம் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

கேள்வி: வெள்ளி இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, ஞாயிறு இரவு அதிலேயே திரும்புகிறோம். நான், கணவர், பத்து வயது மகன். மாட்டுத்தாவணி பக்கம் அறை மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (தாம்பரம் வாசகி)

வேண்டாம். மாட்டுத்தாவணி வெளியூர்ப் பேருந்து நிலையம். கோயிலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். அறையில் மிச்சப்படுத்தும் பணத்தை ஆட்டோவுக்குக் கொடுப்பீர்கள். மதியம் மகன் அசந்துபோனால் அரை மணி நேரம் படுக்கவைக்கக்கூட அறைக்கு வர முடியாது.

மதுரையின் பழைய ஊர் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிந்தது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கு அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்கு. மேல மாசி வீதி என்றால் மேற்கு மாசி வீதி. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் வழி கேட்கவே வேண்டாம். மேல வெளி வீதிக்கு அந்தப் பக்கம் ரயில் நிலையம். அங்கிருந்து டவுன் ஹால் ரோடு வழியாக மேலக் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடைதான். இந்த இடைவெளியில், டவுன் ஹால் ரோட்டிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் எல்லா விலையிலும் லாட்ஜ்கள் இருக்கின்றன. அங்கேயே எடுங்கள்.

போனில் விலை கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "செக்‑அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா?" உங்கள் ரயில் அதிகாலையில் வந்துவிடும். பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் காலை ஐந்தரைக்கு நுழைந்தால், அன்று 12 மணியோடு ஒரு நாள் வாடகை முடிந்துவிடும். 24 மணி நேரக் கணக்கு என்றாலும் ஞாயிறு காலை ஐந்தரைக்குக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் நாள் வாடகை. அதனால் ரயில் நிலையத்தின் கட்டணக் காத்திருப்பு அறையில் குளித்து உடை மாற்றிக்கொண்டு, பைகளை அங்குள்ள பொருள் பாதுகாப்பு அறையில் வையுங்கள். பைக்குப் பூட்டு இல்லாவிட்டால் வாங்கமாட்டார்கள். பயணச்சீட்டும் காட்ட வேண்டும். காலைப் பலகாரமும் கோயிலும் முடித்துப் பத்து, பதினொரு மணிக்கு 24 மணி நேர லாட்ஜில் அறை எடுத்தால் ஞாயிறு அதே நேரம் வரை ஒரு நாள் வாடகைதான். அதன்பின் பையை லாட்ஜ் வரவேற்பிலேயே வைத்துவிட்டுச் சுற்றலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

அறையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். உள்பக்க அறைகள் சிலவற்றில் ஜன்னல் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கிறது. வெள்ளி இரவுச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முதல் நாளே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: மதுரைச் சாப்பாடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன முறை போனபோது மதியம் மூன்று மணிக்குக் கறி தோசை கேட்டால் இல்லை, ராத்திரி பருத்திப்பால் தேடினால் இல்லை. என்ன தப்பு செய்தோம்? (ஈரோடு வாசகர்)

நேரம்தான் தப்பு. ஊரைத் தூங்கா நகரம் என்பார்கள், ஆனால் எல்லாமே எல்லா நேரமும் கிடைக்காது.

பருத்திப்பால் அதிகாலையிலும் மாலையிலும் தள்ளுவண்டிக்கு வரும். பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, கொஞ்சம் அரிசிமாவு கரைத்துவிட்டு, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ போடுவார்கள். கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவான பதம். ஆறினால் கெட்டியாகிவிடும், சூட்டோடு குடிக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் மாசி வீதிகள் பக்கம் நடந்தால் வண்டி கண்ணில் படும்.

காலைக்கு இட்லி. பஞ்சுபோல் இருக்கும் இட்லியோடு நாலு விதச் சட்னி வைப்பதை இந்த ஊரில் தனிச்சிறப்பாகச் சொல்ல மாட்டார்கள், அது வழக்கம். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பத்தை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு மெஸ். தல்லாகுளம் பக்கம் அம்மா மெஸ், குமார் மெஸ் போன்றவை பிரபலம். கோலா உருண்டை, சுக்கா, குடல், எலும்பு மஜ்ஜை ஆம்லெட் எல்லாம் அளவாகத்தான் செய்வார்கள். பன்னிரண்டரைக்குப் போனால் எல்லாம் இருக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் இலையில் சோறும் குழம்பும் மட்டும் மிஞ்சும். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்களே வரிசையில் நிற்பார்கள். மெஸ்ஸைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வது நல்லது. புரட்டாசிச் சனியாக இருந்தால் இடம் தாராளமாகவே கிடைக்கும்.

கறி தோசை சாயங்காலத்துக்கு மேல்தான். சிம்மக்கல் கோனார் கடை அதற்குப் பேர் போனது. அடியில் ஊத்தப்பம் போலத் தடித்த தோசை. அது பாதி வெந்ததும் மேலே அடித்த முட்டை. முட்டை இறுகுமுன் வெந்த கொத்துக்கறியைப் பரப்பி, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவார்கள். கறி கல்லில் பட்டு ஓரம் முறுகும் அந்த ஒரு நிமிடம்தான் இதன் ருசி. பார்சல் கட்டினால் ஆவியில் அது நமுத்துவிடும், கல்லிலிருந்து இறங்கியதும் அங்கேயே சாப்பிடுங்கள். ஒருவருக்கு ஒன்று போதும். முதலிலேயே இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கறி தோசைக்கு வருகிறவர்கள் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: விளக்குத்தூண் ஜிகர்தண்டாவை வீட்டில் செய்து பார்த்தேன். பாதாம் பிசின் நறநறவென்று இருந்தது, பாலும் திரிந்துபோனது. சரியான அளவு சொல்லுங்கள். (திருச்சி வாசகி)

நான்கு கிளாஸுக்கு: பாதாம் பிசின் 10 கிராம், கடல்பாசி 5 கிராம், கொழுப்பு நீக்காத பால் ஒரு லிட்டர், சர்க்கரை 100 கிராம், சர்க்கரை சேர்க்காத கோவா 50 கிராம், நன்னாரி சர்பத் 8 டீஸ்பூன்.

பிசினை அப்படியே கட்டியாகப் போட்டால் நடுவே ஊறாது, அதுதான் நறநறப்பு. சிறு துண்டாகத் தட்டி, ஒட்டியிருக்கும் பட்டைத் தூளைக் கழுவி, நாலு கப் தண்ணீரில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவையுங்கள். கண்ணாடி போலப் பொங்கி வரும். மிச்சத் தண்ணீரை வடித்து, கையால் பிசைந்து பார்த்து, கடினமாகத் தட்டுப்படுவதை எடுத்துவிடுங்கள்.

பாலை அடி கனத்த பாத்திரத்தில் 600 மில்லியாகச் சுண்டவையுங்கள். வேறொரு சட்டியில் நாலு டேபிள்ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் தேன் நிறத்துக்கு உருக்கி, அதில் ஒரு கரண்டி கொதிக்கும் பாலைத் தள்ளி நின்று ஊற்றிக் கரையுங்கள். ஆறிய பால் ஊற்றினால் சர்க்கரை கல்லாகிவிடும். இதைப் பாலோடு சேர்த்தால் அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வரும். மீதிச் சர்க்கரையையும் போட்டு இறக்கி, நாலு மணி நேரம் குளிரவையுங்கள். அதில் அரைக் கப் எடுத்து, கோவாவை உதிர்த்துக் கலந்து, உறைய வைத்தால் ஐஸ்கிரீம் பாகம் தயார். கடையில் வாங்கிய வெனிலா போட்டால் நன்னாரி மணம் அமுங்கிவிடும்.

கடல்பாசியை இரண்டு கப் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, ஒரு நாரும் இல்லாமல் கரையும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, தட்டில் ஊற்றி இறுகியதும் பொடியாக நறுக்குங்கள்.

கிளாஸில் பிசின் இரண்டு டேபிள்ஸ்பூன், கடல்பாசி ஒன்று, நன்னாரி இரண்டு டீஸ்பூன், பால், மேலே ஐஸ்கிரீம் என்ற வரிசையில் போடுங்கள். பால் திரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் சர்பத். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்த நன்னாரி சர்பத்தும் விற்கிறது. பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். சர்பத்தைச் சூடான பாலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எந்த நேரம் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்? (பெங்களூரு வாசகர்)

காலை ஐந்து மணி வாக்கில் நடை திறக்கும். பகல் பன்னிரண்டரைக்குச் சாத்தி மாலை நாலுக்குத் திறந்து, இரவு பத்துக்குள் சாத்துவார்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரை நல்ல நேரம். சனி மாலை ஏழு மணி மிக மோசமான நேரம். முடிந்தால் இரவு ஒன்பது மணிக்கு மறுபடி ஒரு முறை போங்கள். சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். அந்த மேளச் சத்தத்தைப் பிரகாரத்தில் நின்று கேட்க வேண்டும்.

செல்போன் 2018 முதல் உள்ளே அனுமதி இல்லை. லாட்ஜிலேயே விட்டுவிடுங்கள், அல்லது வாசலில் ஒப்படையுங்கள். எந்தக் கோபுரத்தில் செருப்பும் போனும் கொடுத்தீர்களோ அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருக்கும். கிழக்கில் கொடுத்துவிட்டுத் தெற்கே வந்தால், உச்சி வெயிலில் கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு சுற்றி நடக்க வேண்டும். மகனோ மகளோ கூட வந்தால் இதை மறக்காதீர்கள். கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டமும், சித்திரைத் திருவிழா நாட்களில் ஊரே நிரம்பும் கூட்டமும் இருக்கும். ஓய்வுக்காக வருகிறவர்கள் வேறு மாதம் பார்க்கலாம்.

கேள்வி: காரில் வரலாமா? (கோவை வாசகர்)

வரலாம், ஆனால் மாசி வீதிக்குள் ஓட்ட நினைக்க வேண்டாம். நிறுத்துமிடம் உள்ள லாட்ஜா என்று கேட்டு எடுத்து, வண்டியை அங்கே போட்டுவிட்டு நடந்துவிடுங்கள். ஞாயிறு காலை கீழடி அருங்காட்சியகம் போகக் கார் உதவும். 2023இல் திறந்தது, நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். திருமலை நாயக்கர் மகாலுக்கும் விளக்குத்தூணுக்கும் நடைதான்.

கேள்வி: சுங்குடிச் சேலை என்று வாங்கியது ஒரு துவைப்பில் வெளுத்துவிட்டது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? தையல்காரர்கள் இருந்த புதுமண்டபம் இப்போது எங்கே? (சேலம் வாசகி)

அசல் சுங்குடி சௌராஷ்டிரச் சமூகத்தாரின் கைவேலை. துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்ப்பார்கள். கட்டிய இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடைகளில் அந்தப் பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சு அல்லது ஸ்கிரீன் அச்சு. அவையும் நல்ல பருத்திச் சேலைகள்தான், ஆனால் கை முடிச்சின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சேலையை விரித்து ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள். கை முடிச்சு என்றால் புள்ளி சுத்த வட்டமாக இருக்காது. நடுவே சாயத்தின் சிறு பொட்டும், சுற்றி நூல் இறுக்கிய மெல்லிய சுருக்கமும் இருக்கும். விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். பக்கத்துப் புள்ளி இதைவிடச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். எல்லாம் அச்சடித்ததுபோல் ஒரே அளவு என்றால் அது அச்சுதான். பின்பக்கம் நிறம் மங்கலாக இருந்தால் ஸ்கிரீன் அச்சு.

முதல் இரண்டு மூன்று முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலசுங்கள். ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுவது மதுரை வீடுகளில் வழக்கம். சோப்புநீரில் ஊறவைத்ததால்தான் உங்கள் சேலை வெளுத்திருக்கும். நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி உலர்த்துங்கள்.

கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் இருந்த கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. துணிப்பை, சாமிக்கு உடை, நாட்டிய உடை தைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். சனி காலை அளவு கொடுத்தால் ஞாயிறு வாங்கலாமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்குத் திரும்பும்போது மல்லிகை வாங்கி வந்தால் காலையில் பழுப்பாகிவிடுகிறது. என்ன செய்வது? (விழுப்புரம் வாசகி)

கோயில் வாசலில் மாலை ஏழு மணிக்கு வாங்குவது விரிந்த பூ. அது அன்றிரவு தலையில் வைக்கத்தான். மதுரை மல்லி காலையில் மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு வந்து, பொழுது சாய்ந்தபின் விரியும். ரயிலில் கொண்டுபோக வேண்டியது இன்னும் வாய் திறக்காத, பச்சை கலந்த வெள்ளை மொட்டு. தடித்த இதழும் நீண்ட காம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் காலையில் கிலோக் கணக்கில் கிடைக்கும், கால் கிலோ கேட்டாலும் தருவார்கள். முகூர்த்த நாளன்றும், வரத்துக் குறையும் மார்கழி, தையிலும் விலை பல மடங்காகும்.

தண்ணீர் தெளிக்காதீர்கள். ஈரம் தேங்கிய இதழ்தான் முதலில் பழுக்கும். வாழையிலையில் தளர்வாகப் பொதிந்து, வெளியே நன்றாகப் பிழிந்த ஈரத்துணி சுற்றி, பையின் மேல்பக்கம் வையுங்கள். அழுத்தம் கூடாது. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே வேர்த்துவிடும். பகலில் லாட்ஜ் குளிர்பெட்டியில் இடம் கேட்டு வைத்தால் மொட்டு இன்னும் தாமதமாக விரியும். வீட்டுக்குப் போனதும் பொதியைப் பிரித்துக் காற்றாட முறத்தில் பரப்பிவிடுங்கள்.