த்வேரின் மிகயில் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொஞ்ச நாளாக இடைக்கால ருஷ்ய வரலாறு படித்துவருகிறேன். மாஸ்கோ, த்வேர் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அரசுகள். இரண்டுமே மங்கோலிய கானுக்குக் கப்பம் கட்டியவை. மாஸ்கோ மட்டும் மேலே வந்தது எப்படி? ஆற்று வணிகமா, திருச்சபையா? த்வேரின் மிகயில் போரில் ஜெயித்தும் கானின் முகாமுக்குத் தானே போய்ச் செத்தது அப்பாவித்தனமாகப் படுகிறது. மாஸ்கோவின் யூரிதான் அரசியல் தெரிந்தவர் இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலைக்கு நடுவே இவ்வளவு தூரத்து ஊரின் வரலாற்றைத் தேடிப் படிக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆற்று வணிகம் பாதிக் காரணம்கூட இல்லை. த்வேர் வோல்காக் கரையிலேயே இருந்த ஊர். திருச்சபையைப் பற்றிப் பிறகு பார்ப்போம். உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சில வாரங்களாக எனக்கும் மிகயில் நினைப்புதான்.

இது பங்காளிச் சண்டை. யூரியின் தாத்தா அலெக்சாந்தர் நெவ்ஸ்கியும் மிகயிலின் அப்பா யாரோஸ்லாவும் உடன்பிறந்தவர்கள். ஆக, மிகயில் யூரிக்குச் சித்தப்பா முறை. யூரியின் அப்பா தனீல், விளாதிமிரின் தலைமை இளவரசர் ஆகாமலே 1303-ல் இறந்தார். அந்தப் பகுதி இளவரசர்களில் மூத்தவருக்கான பட்டம் அது, கான்தான் கொடுப்பார். அப்பன் உட்காராத இடத்தை மகன் கேட்க அங்கே முறையில்லை. அடுத்த ஆண்டு பட்டம் காலியானபோது கான் தோக்தா அதை மிகயிலுக்கே கொடுத்தார். யூரி விடவில்லை. புதிய கான் உஸ்பெக்கின் தங்கை கொஞ்சாக்காவை மணந்து பட்டத்தை வாங்கினார். 1317-ல் கவ்கதி என்ற கானின் தளபதியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மிகயில் பட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். அப்படியும் யூரி த்வேர் நிலத்துக்குள் புகுந்து ஊர்களை எரித்தார். அதற்குப் பிறகுதான் போர்தெனேவோவில் சண்டை. யூரி தோற்று ஓடினார், கொஞ்சாக்கா பிடிபட்டார். அவர் த்வேரில் இறந்துபோக, விஷம் வைத்தார்கள் என்று யூரி கானிடம் புகார் கொண்டுபோனார்.

சரி, மிகயில் ஏன் போனார்? அப்பாவி என்று எழுதும் முன் நீங்கள் அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். "எங்களை அனுப்புங்கள்" என்று மகன்கள் கெஞ்சினார்கள். கான் கேட்பது என்னை, நான் போகாவிட்டால் நம் மண் சூறையாடப்படும், எத்தனையோ பேர் சாவார்கள் என்றார் அவர். ஒன்பது வருடம் கழித்து, 1327-ல், த்வேர் மக்கள் கானின் ஆட்களைக் கொன்றார்கள். வந்த படை ஊரையே அழித்தது. அதில் யூரியின் தம்பி இவானும் இருந்தார். மிகயில் பயந்தது அப்படியே நடந்தது. இதையா அப்பாவித்தனம் என்கிறீர்கள்?

மிகயில் ஒன்றும் சாது அல்ல. 1312-ல் வடக்கே இருந்த வணிக நகரமான நோவ்கோரதுக்குத் தானியம் போகாமல் மறித்தவர். ஆனால் அவருடைய கடைசி நாட்களைப் பற்றி த்வேரில் எழுதிவைத்ததைப் படித்தால் மனசு கேட்காது. கழுத்தில் கனத்த மரக்கட்டை. வேட்டைக்குப் போன கானின் முகாமோடு டெரெக் ஆற்றுக்கு அப்பால்வரை இழுத்துப்போனார்கள். இரவில் கைகளையும் அதே கட்டையில் பூட்டினார்கள். பைபிளின் சங்கீதப் புத்தகத்தைத் திறந்துவைத்து எதிரே ஒரு பையன் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட, அவர் படித்தார். 1318 நவம்பரில் கொன்றார்கள். உடம்பு துணியில்லாமல் கிடந்தது. "இவர் உனக்கு அப்பா மாதிரி இல்லையா, ஏன் இப்படிக் கிடக்கிறார்?" என்று யூரியிடம் கேட்டவர் யார் தெரியுமா? கவ்கதி. அந்தக் கொலைக்கு யூரியோடு கூட நின்ற அதே கவ்கதி. அப்புறம்தான் மேலே ஒரு போர்வை விழுந்தது.

உங்கள் அரசியல் தெரிந்தவர் அதன்பிறகு என்ன செய்தார்? த்வேரில் வசூலித்த கப்ப வெள்ளியைக் கானிடம் சேர்க்காமல் நோவ்கோரதுக்குக் கொண்டுபோனார். 1322-ல் பட்டம் பறிபோய் மிகயிலின் மகன் திமித்ரிக்கே போனது. 1325-ல் கானின் தலைநகரில் திமித்ரி கையால் செத்தார். கானின் உத்தரவில்லாமல் கொன்றதற்காக மறு ஆண்டே திமித்ரியின் உயிரும் போனது.

மாஸ்கோவை நிஜமாகவே மேலே கொண்டுவந்தவர் தம்பி இவான். உங்கள் முதல் கேள்வியை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவரைப் படித்துவிட்டு எழுதுங்கள்.